நான் வைத்த தூணைப் பார்க்கத் திருவொற்றியூர் போய் வந்தது

போன மாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, திருவொற்றியூரைத் தாண்டி எர்ணாவூர் போகிற சாலையில் இருக்கும் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. கட்டடத்தைப் பார்க்கத்தான் போனேன். தெற்கே ஓர் ஊரில் புதிதாக ஆஸ்பத்திரி கட்ட இடம் வாங்கியிருக்கிறார்கள். "திருவொற்றியூர் ஆஸ்பத்திரி மாதிரியே எங்களுக்கும் வேண்டும், வரைபடங்களின் நகல் கிடைக்குமா" என்று அந்தக் கமிட்டியார் எனக்கு எழுதியிருந்தார்கள். அந்தப் படங்களைப் போட்டவன் நான். நகலைச் சுருட்டித் தபாலில் போட்டிருந்தால் வேலை அத்துடன் முடிந்திருக்கும். ஆனால் திறப்பு விழாவுக்குப் பிறகு பதினோரு வருஷமாக அந்தக் கட்டடத்தின் பக்கமே நான் போனதில்லை. போகாமல் இருந்ததற்கு ஒரு காரணம் உண்டு. அதை வழியில் சொல்கிறேன்.

ஆஸ்பத்திரி கட்ட நினைக்கிற ஊர்க்காரர்கள் அடிக்கடி இதைப் பார்க்க வருகிறார்களாம். அவர்களுக்கு உதவட்டும் என்றுதான் நேரம், தூரம், கூலி எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு வந்தேன். என் சட்டைப் பையில் எப்போதும் இரண்டடி மடக்குக் கோல் ஒன்று இருக்கும். எதைப் பார்த்தாலும் எடுத்து நீட்டிவிடுவேன். பெண் பார்க்கப் போன அன்றும் அவர்கள் வீட்டுக் கதவை நான் அளந்ததாக என் மனைவி இன்றுவரை சொல்லிச் சிரிக்கிறாள். அது பொய். ஜன்னலைத்தான் அளந்தேன்.

திருவல்லிக்கேணியில் காலை ஆறே காலுக்கு டிராம் ஏறினேன். கோட்டையைத் தாண்டி ஒரு தடவை மாற வேண்டும். இராயபுரம் வரைக்கும் இரண்டு சீட்டும் சேர்த்து ஒன்றே முக்கால் அணா. வலது பக்கம் இடம் பிடித்தால் துறைமுகத்துப் பாரந்தூக்கிகளும் கப்பல் புகைப்போக்கிகளும் தெரியும். நிலக்கரித் தூளும் அந்தப் பக்கம்தான் வரும், வெள்ளை வேட்டி கட்டியவர்கள் யோசித்து உட்காரவும்.

இராயபுரம் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் டிராம் நின்றுவிட்டது. மூலக்கொத்தளத்துச் சுடுகாட்டுக்குப் போகிற சவ ஊர்வலம் ஒன்று தண்டவாளத்தைக் கடந்துகொண்டிருந்தது. இரண்டு பச்சை மூங்கில், குறுக்கே நாலைந்து சிம்பு, மேலே வெள்ளைத் துணி, பூ. பன்னிரண்டு நிமிஷம் நின்றோம். பாடையின் நீளம் ஏழரை அடி இருக்கும் என்று பழக்கதோஷத்தில் மனசுக்குள் கணக்குப் போட்டேன். இதை எதற்குச் சொல்கிறேன் என்பது பிறகு தெரியும்.

இராயபுரத்தில் ஏழு நாற்பதுக்கு பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். திருவொற்றியூருக்கு இரண்டணா, நாலரை மைல். எப்போது கிளம்பும் என்று கண்டக்டரைக் கேட்டேன்.

"குந்து சாமி. ரெண்டு பேரு கொறையறாங்க. வந்துட்டா வுட்டுற வேண்டியதுதான்."

இரண்டு பேர் வந்தார்கள். மறுபடியும் கேட்டேன்.

"இன்னும் ரெண்டு பேரு சாமி. உனக்கு இன்னா அவசரம், கடல் எங்கியும் பூடாது."

எட்டு முப்பத்தைந்துக்குக் கிளம்பியது. அதுவரை என் மடியில் ஒரு கருவாட்டுக் கூடையின் விளிம்பு உட்கார்ந்திருந்தது. அந்த ஐம்பத்தைந்து நிமிஷத்தில் என் பழைய கதையைச் சொல்லிவிடுகிறேன்.

ஆஸ்பத்திரிக்குக் கிடைத்த இடம் முழுக்க மணல். பன்னிரண்டடி ஆழத்துக்குச் செங்கல் கிணறுகளை இறக்கி, உள்ளே கல்லும் சுண்ணாம்புமாக இட்டு நிரப்பி, கிணற்றுக்குக் கிணறு வளைவு கட்டி, அதன்மேல் சுவர் எழுப்பினோம். எங்கள் என்ஜினீயர் ஒரு வெள்ளைக்காரர். கெட்டிக்காரர், நல்லவரும்கூட. ஆபரேஷன் அறையை மாடியில் வடக்குப் பார்த்து வைத்தார். வடக்கு வெளிச்சத்தில் வெயில் நேராக அடிக்காது, மாடிக்கு மணல் தூசியும் ஏறாது. அந்த அறைக்குத் தண்ணீர் வேண்டும் என்று படிக்கட்டுக்கு நேர் மேலே ஒரு தொட்டி. தொட்டியைத் தாங்குவதற்காகச் சுவருக்குச் சுவர் பதினோரு அடிக்கு ஓர் இரும்பு உத்திரம், பன்னிரண்டங்குல கனத்தில், சீமையிலிருந்து வரவழைத்தோம்.

கப்பல் வரவில்லை. திறப்பு விழாவுக்கு ஒரு பெரிய மனிதர் நாள் கொடுத்துவிட்டார். துரை படத்தைப் பார்ப்பதும் காலண்டரைப் பார்ப்பதுமாக இருந்தார். அப்போது நான்தான் சொன்னேன். கிடங்கில் ஆறடி உத்திரங்கள் இரண்டு கிடக்கின்றன. இரண்டையும் நடுவில் சந்திக்கவிட்டு, சந்திக்கிற இடத்தில் ஒரு செங்கல் தூணைக் கொடுத்துவிடலாம். பதினாலங்குலச் சதுரத் தூண். தரையிலிருந்து எழும்பி, படி திரும்புகிற மேடையின் ஓரத்தில் கைப்பிடியை ஒட்டி நின்று, மேலே தொட்டி வரைக்கும் போகும்.

"ஸ்ட்ரெச்சர் திரும்புமா?" என்று துரை கேட்டார். நான் ஓர் அட்டையை எடுத்து, ஸ்ட்ரெச்சரும் முன்னால் ஓர் ஆளும் பின்னால் ஓர் ஆளுமாகப் படத்தின் அளவுக்கே வெட்டி, படத்தின்மேல் வைத்து நகர்த்திக் காட்டினேன். திரும்பியது. மூன்றங்குலம் மிச்சமும் இருந்தது. துரை என் தோளைத் தட்டினார். அடுத்த மூன்றாம் மாதம் என்னைத் தலைமை வரைபடக்காரனாக ஆக்கினார்கள். இன்று நான் குடியிருக்கிற வீடு அந்தத் தூணால் வந்தது என்று சொன்னால் தப்பில்லை.

விழா முடிந்து ஏழு வாரம் கழித்து உத்திரம் வந்து இறங்கியது. முட்டுக் கொடுத்துவிட்டு மாற்றிப் போட்டுவிடலாம், தூணை எடுத்துவிடலாம் என்று சொல்ல நினைத்தேன். "கட்டடம் நன்றாகத்தானே நிற்கிறது" என்றார் துரை. என் யோசனை நன்றாக நிற்கிறது என்று எனக்கும் உள்ளூர ஒரு சந்தோஷம். வாயை மூடிக்கொண்டேன். அதே வருஷம் ஐப்பசி வாக்கில் எங்கள் ஓவர்சியர், "உங்க படியிலே ஒரு பிரசவக் கேஸ் கட்டிலோட மாட்டிக்கிச்சாமே" என்று போகிற போக்கில் சொன்னார். அப்புறம் என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை. கேட்கப் பயந்தேன். போகாமல் இருந்ததற்குக் காரணம் இதுதான்.

திருவொற்றியூரில் இறங்கும்போது மணி ஒன்பது. அங்கிருந்து ஆஸ்பத்திரிக்கு ஒன்றே கால் மைல். ஜட்காவுக்கு நாலணா கேட்பார்கள், மூன்றணாவுக்கு வருவார்கள். எனக்குக் கிடைத்த ஜட்காக்காரர் காதர் பாய், தாடி நரைத்தவர். குதிரையையும் என்னையும் ஒரே குரலில்தான் அதட்டினார்.

"வைத்தியம் பாக்கவா, கட்டடம் பாக்கவா?"

"கட்டடம் பார்க்கத்தான்."

"நெனச்சேன். வைத்தியம் பாக்க வர்றவன் கூலி பேச மாட்டான்." கொஞ்ச தூரம் போனதும் அவரே சொன்னார்: "சோக்கான கட்டடம் சாமி. காத்து சும்மா பிச்சுகினு வரும். மேல ஏத்தறதுதான் பேஜாரு."

என்ன பேஜாரு என்று இப்போதும் நான் கேட்கவில்லை.

கட்டடம் கண்ணில் பட்டதும் மனசு நிறைந்துவிட்டது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். கடலைப் பார்த்த வராந்தாவில் பன்னிரண்டு தூண்கள், ஒன்றுகூடச் சாயவில்லை. குமாஸ்தா ஒருவர் கூடவே வந்து எல்லாவற்றையும் காட்டினார். நூல் கட்டிச் சுவரைப் பார்த்தேன். அந்த மணலில் பதினோரு மழைக்காலத்தைத் தாண்டியும் மயிர்க்கோட்டுக்கு மேல் ஒரு விரிசல் இல்லை. வார்டுகளில் கட்டிலுக்குக் கட்டில் ஆறடி இடம், தலைக்கு மேலே காற்றுப் போக்கி. மாடியில் ஆபரேஷன் அறையின் வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு துரையை நினைத்துக்கொண்டேன். இதையெல்லாம் யார் வேண்டுமானாலும் தாராளமாகக் காப்பியடிக்கலாம்.

இறங்கி வரும்போதுதான் தூணை நின்று பார்த்தேன். மேடையிலிருந்து இரண்டடி நாலங்குல உயரத்தில் அதன் முனை தேய்ந்திருந்தது. பூச்சு போய், செங்கல் போய், உள்ளங்கையை வைத்தால் அடங்குகிற அளவுக்குப் பள்ளம். அதற்கு மேலே ஓர் ஆணி. ஆணியில் சுருட்டி மாட்டிய பழைய மீன்வலை.

"வலை எதற்கு?" என்று குமாஸ்தாவைக் கேட்டேன்.

"அது தேசப்பன் ஏற்பாடு. இங்கே நோயாளி தூக்கற ஆள். இருங்க, இப்பவே பார்க்கலாம், கீழே ஒரு கேஸ் வந்திருக்கு."

பக்கத்துக் குப்பத்திலிருந்து வயதானவர் ஒருவரைக் கயிற்றுக் கட்டிலோடு நான்கு பேர் தூக்கி வந்தார்கள். படியடியில் சுவரோரமாக ஒரு ஸ்ட்ரெச்சர் புதுசு கலையாமல் சாய்ந்திருந்தது. யாரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. கட்டில் மேடை வரைக்கும் ஏறியது. அங்கே நாற்பது வயது மதிக்கத்தக்க, அகலத் தோள்காரர் ஒருவர் ஆணியிலிருந்து வலையை எடுத்து உதறி, பெரியவருக்கு அடியில் லாகவமாக நுழைத்தார். நான்கு பேரும் நான்கு மூலையைப் பிடித்துத் தூளி மாதிரி தூக்கிக்கொண்டு தூணைச் சுற்றி மேலே போனார்கள். கட்டில் மேடையிலேயே செங்குத்தாக நின்றது. மொத்தம் இரண்டு நிமிஷம்.

அந்த அகலத் தோள்காரர்தான் தேசப்பன். கீழே வந்ததும் கேட்டேன்: "ஸ்ட்ரெச்சர் இருக்கே, அதிலே மாத்தித் தூக்கினா என்ன?"

என்னைப் பார்த்துச் சிரித்தார். "அதுலயா? ரெண்டு பக்கமும் கழி, நடுவுல வெள்ளத் துணி. உசுரோட கீறவன எவனாச்சும் பாடையில ஏத்துவானா சாமி?"

காலையில் டிராமை மறித்துப் போன ஊர்வலம் கண்முன்னால் வந்தது. துரைக்குப் பாடை தெரியாது. அவருக்கு அது தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. எனக்குத் தெரியும். என் தகப்பனாரை நானே தூக்கிப் போயிருக்கிறேன். அட்டையை வெட்டி நகர்த்தி மூன்றங்குலம் மிச்சம் என்று பெருமைப்பட்ட அன்றைக்கு, அதில் யார் படுப்பார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

மத்தியான வெயில் ஏறிவிட்டது. வேப்பமரத்தடியில், நோயாளிகளின் சொந்தக்காரர்கள் உட்காரும் இடத்தில், தேசப்பன் எனக்கும் இடம் விட்டார். உட்கார்ந்த பிறகுதான் கீழே பார்த்தேன். துருவேறிய இரும்பு உத்திரம். நான்கு செங்கல் முட்டின்மேல் பெஞ்சு மாதிரி கிடத்தியிருந்தார்கள். கோலை எடுத்து அளக்கத் தேவையில்லை, இருந்தாலும் அளந்தேன். கனம் பன்னிரண்டங்குலம். நீளம் பன்னிரண்டரை அடி, சுவருக்குள் போக வேண்டியதையும் சேர்த்து.

"இன்னா சாமி அளக்கற?"

"சும்மா. இந்த வலை யோசனை உனக்கு எப்படி வந்தது?"

"வராம இன்னா பண்ணும்? பதினோரு வர்சம் ஆவுது. எம் பொஞ்சாதி அஞ்சலைக்குத் தலப்பிரசவம். ரெண்டு நாளா வலி. புள்ள குறுக்கால கீதுன்னு மருத்துவச்சி கைய விரிச்சுட்டா. இங்க தொறந்து கொஞ்ச நாளுதான் ஆவுது. நானும் மச்சானுங்க மூணு பேரும் கட்டிலோட தூக்கினு ஓடியாந்தோம். நான் தலமாட்டுல. அந்தத் தூணாண்ட வந்ததும் நாந்தான் கத்தினேன், சோத்துக்கைப் பக்கமா திருப்புங்கடான்னு. மாட்டிகிச்சு. முன்னால போவல, பின்னால வரல. அவளுக்குக் கத்தக்கூட தெம்பு இல்ல. கால் மணி நேரம் அங்கியே நின்னோம் சாமி. அப்பால அவள அப்படியே கையில வாரிகினு மேல ஓடினேன். புள்ள பூட்ச்சு. அவ பொழச்சா."

அளந்த கோலை மடக்கிச் சட்டைப் பையில் வைத்தேன்.

"கண்ணு தெறந்ததும் அவ கேட்ட மொத வார்த்த, 'ஏய்யா அந்தப் பக்கம் திருப்பின?' இன்னிவரைக்கும் எங்கிட்ட பதில் இல்ல. அதுக்கப்பறம் புள்ளையும் இல்ல. வேளைக்குச் சோறு போடுவா. போட்டுட்டு எழுந்து வெளிய பூடுவா. நான் துன்றத அவ பாக்க மாட்டா." வலையின் ஒரு கண்ணி அறுந்திருந்தது. அதை முடிந்துகொண்டே பேசினார். "அடுத்த மாசமே கடலுக்குப் போறத வுட்டுட்டு இந்த வேலைக்கு வந்துட்டேன். இன்னொருத்தன் என்ன மாதிரி தப்பா திருப்பிடக் கூடாதுல்ல?"

எந்தப் பக்கம் திருப்பினாலும் அந்தக் கட்டில் போயிருக்காது. இது எனக்குத் தெரியும். உலகத்தில் எனக்கு மட்டும்தான் சரியாகத் தெரியும். சொல்ல வாயைத் திறந்தேன். "நேரமாயிட்டுது, வரேன்" என்றுதான் வந்தது. எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, கும்பிட்டுவிட்டு வந்துவிட்டேன். அந்த நடையை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

காதர் பாய் வாசலில் காத்திருந்தார். பட்டணம் போகிற ரயில் பன்னிரண்டு ஐம்பதுக்கு. ஸ்டேஷன் ஒரு மைல். பாதி தூரம் போயிருப்போம். திருப்பச் சொன்னேன்.

"எதனா மறந்துட்டியா?"

"ஆமா பாய்."

"ரயிலு பூடுமே."

"போகட்டும்."

வண்டியைத் திருப்பினார். திரும்பிப் போனதற்கு அவர் கூலியும் கேட்கவில்லை.

தேசப்பன் அதே இடத்தில்தான் இருந்தார். பக்கத்தில் உட்கார்ந்தேன். நீ என்று பேசத் தொடங்கியவன் எந்த இடத்தில் நீங்க என்று மாறினேன் என்பது நினைவில்லை.

"இந்தக் கட்டடத்துக்குப் படம் போட்டது நான்தான். அந்தத் தூண் என் யோசனை. நீங்க எந்தப் பக்கம் திருப்பியிருந்தாலும் கட்டில் போயிருக்காது. நாலு பேர் தூக்கிவர்ற கட்டில் திரும்பணும்னா ஒன்பதடி இடம் வேணும். அங்கே எட்டடிகூட இல்லை. தூண் மட்டும் இல்லைன்னா கைப்பிடிக்கு மேலே தூக்கித் திருப்பியிருக்கலாம். உங்க கைமேலே தப்பில்லை."

வலை முடிகிற கை நின்றது.

"தூணு இல்லாட்டி மாடி வுழுந்துடாதா?"

"விழாது. மேலே ஓர் இரும்பு போட்டிருந்தா தூணே தேவையில்லை. இரும்பு வர நாளாச்சு, அதுக்குப் பதிலா தூணை வெச்சோம். அது வந்தப்புறமாவது மாத்தியிருக்கலாம். நான் கேட்கலை."

"எங்க அந்த இரும்பு?"

"நாம உட்கார்ந்திருக்கோமே, இதுதான்."

அவர் எழுந்தார். உத்திரத்தை ஒரு முனையிலிருந்து மறு முனைவரை பார்த்தார். என்னை அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அவர் குரலே உயரவில்லை.

"எங்கிட்ட சொல்லி இன்னா பிரயோஜனம்? வூட்டாண்ட வந்து அவகிட்ட சொல்லு."

குப்பம் அங்கிருந்து கிழக்கே அரை மைல். முழுக்க மணல். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தேன், சூடு பொறுக்காமல் மறுபடி போட்டுக்கொண்டேன். வழியில் அவர் முன்னால் போனார், நான் பின்னால்.

அஞ்சலை வாசலில் நெத்திலியைப் பாயில் பரப்பிக் காயவைத்துக்கொண்டிருந்தார். ஒல்லியான பெண்மணி. புருஷனோடு ஒரு அன்னியன் வருவதைப் பார்த்து முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தார். தேசப்பன் என்னைக் காட்டி, "இவரு உங்கிட்ட ஒண்ணு சொல்லணுமாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு ஓரமாக நின்றார்.

சொன்னேன். மரத்தடியில் சொன்னதைவிடக் கஷ்டமாக இருந்தது. ஒன்பதடி, எட்டடி என்று அளவுகளை அந்த அம்மாள் முன்னால் சொல்ல நாக்கு வரவில்லை. எந்தப் பக்கம் திருப்பியிருந்தாலும் அதேதான் நடந்திருக்கும், அது என்னால் வந்தது என்று சொல்லி முடித்தேன்.

கடைசி வரைக்கும் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு ஒரே ஒரு கேள்வி.

"தெரிஞ்சே வெச்சியா?"

"இல்லேம்மா. கட்டில்லே வருவாங்கன்னு நெனச்சுப் பாக்கல."

"நெனச்சுப் பாக்கல" என்று அவரும் ஒரு தடவை சொன்னார். குனிந்து, மீனைத் தேடி வந்த காக்கையை விரட்டினார். நான் நின்றுகொண்டே இருந்தேன். போகவும் தெரியவில்லை, இருக்கவும் தெரியவில்லை. என் சட்டைப் பையில் நீட்டிக்கொண்டிருந்த மடக்குக் கோலை அவர் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது கொஞ்சம் கழித்துத்தான் புரிந்தது.

"கட்டிலு உள்ள கீது" என்றார். "இப்பனாச்சும் அளந்துக்கோ."

உள்ளே போனேன். சின்ன வீடு, சுத்தமாக இருந்தது. அதே கட்டில்தான், கயிறு மட்டும் புதிது. மண்டி போட்டு அளந்தேன். இரண்டடிக் கோல் என்பதால் நான்கு தடவை எடுத்து எடுத்து வைக்க வேண்டியிருந்தது. முதல் தடவை கோல் நழுவி அளவு தப்பிவிட்டது. தேசப்பன் வந்து கோலின் மறுமுனையை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். நோட்டில் குறித்துக்கொண்டு வெளியே வந்தேன்.

அஞ்சலை எனக்குத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. புருஷனைப் பார்த்து, "நீ குந்து, மணி இன்னா ஆவுது, சோறு போடறேன்" என்றார். நான் செருப்பை மாட்டிக்கொண்டு தெருக்கோடிக்கு வந்து திரும்பிப் பார்த்தேன். கதவு திறந்திருந்தது. தேசப்பன் தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தார். அந்த அம்மாள் வெளியே வரவில்லை. எதிரே உட்கார்ந்திருந்தார்.

அடுத்த ரயில் நாலு பத்துக்கு. வீடு வந்து சேரும்போது மணி ஆறு.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். டிராமும் பஸ்ஸும் வேண்டாம், சென்ட்ரலிலிருந்து காலை ரயிலில் திருவொற்றியூருக்குப் போவதுதான் சுகம். ஸ்டேஷனில் காதர் பாய் வண்டி இருந்தால் அதிலேயே ஏறுங்கள், கூலி பேசாதீர்கள். குடிதண்ணீர் கொண்டுபோங்கள், அங்கே கிணற்று நீர் உப்பு. ஒன்பதிலிருந்து பதினொன்று வரைக்கும் கட்டடம் பார்க்க விடுகிறார்கள். கிணற்று அஸ்திவாரத்தின் கணக்கு வேண்டுமானால் எனக்கு எழுதுங்கள், செலவில்லாமல் அனுப்புகிறேன். வராந்தாவோடு திரும்பிவிடாமல் படிக்கட்டுக்குப் போங்கள். நீங்கள் நிற்கும்போது கேஸ் வந்து, தேசப்பன் ஒரு மூலையைப் பிடிக்கச் சொன்னால் பிடியுங்கள். தூணை ஒட்டிய மூலையில் விரல் முட்டி உரசும், பார்த்துக்கொள்ளுங்கள்.

தெற்கத்தி ஊர்க் கமிட்டிக்குப் பழைய படத்தின் நகலை அனுப்பவில்லை. படிக்கட்டைப் புதிதாகப் போட்டு அனுப்பினேன். மேடை ஒன்பதடி ஆழம், தூண் கிடையாது. ஏன் மாற்றினேன் என்பதையும் ஒளிக்காமல் எழுதினேன். திருவொற்றியூர் ஆஸ்பத்திரி நிர்வாகத்துக்கும் எழுதியிருக்கிறேன். அந்த உத்திரத்தைச் சுரண்டிச் சாயம் அடித்தால் இன்னும் நூறு வருஷம் தாங்கும். தொட்டியைக் காலி பண்ணி, முட்டுக் கொடுத்து, அதை மேலே ஏற்றிவிட்டுத் தூணை எடுக்க எட்டு நாள் வேலை, சம்பளமில்லாமல் நானே வந்து நிற்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். ஆலோசித்து வருவதாகப் பதில் வந்தது. பதினைந்து நாளைக்கு ஒரு தடவை மறுபடி எழுதுகிறேன்.

படம் போடுகிறவர்கள் அட்டையை வெட்டுவதற்கு முன்னால் அவரவர் ஊரில் நோயாளியை எதில் தூக்கி வருகிறார்கள் என்று போய்ப் பார்த்து அளந்துகொள்ளுங்கள். இது எங்கள் பக்கத்து அளவு: நீளம் ஆறடி இரண்டங்குலம், அகலம் இரண்டடி ஒன்பதங்குலம், உயரம் ஒன்றரை அடி, தூக்க நான்கு பேர். தலைமாட்டிலிருந்து ஓரடி தள்ளி வலது சட்டத்தில் நாலங்குல நீளத்துக்கு மரம் நசுங்கிப் பிளந்திருக்கிறது. அந்தப் பிளவுக்குள் இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு ஒட்டியிருக்கிறது.